தவணை கட்டும் காணி எப்போது எங்கள் காணியாகும்?

காணியில்லாத குடும்பங்களுக்கு உதவ விரும்பும் ஒருவர் தமது காணியை ஒரு நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறார். நிறுவனம் அதைத் துண்டுகளாகப் பிரித்து, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குச் சிறு தவணைகளில் விற்கிறது. சும்மா வாங்கினோம் என்ற குறை குடும்பத்துக்கு இருக்கக்கூடாது என்பது ஒரு காரணம். வரும் பணத்தில் இன்னும் சில குடும்பங்களுக்குக் காணி தேடலாம் என்பது மற்றக் காரணம். இரண்டும் நல்ல காரணங்களே.

ஆனால் இம்முறையில் ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது. முதற் தவணை கட்டிய அன்று காணி எங்களுடையதா? வேலி அடைத்துக் கிணறு வெட்டிய அன்றா? வீடு குடிபுகுந்த அன்றா? கடைசித் தவணை கட்டி முடித்த அன்றா?

இந்நான்கு நாட்களில் ஒன்றேனும் சரியான விடை அன்று. காணிக்குச் சொந்தக்காரராக இருப்பவர், நொத்தாரிசு முன்னிலையில் உங்கள் பெயருக்கு உறுதி முடித்துத் தரும் நாளில்தான் காணி உங்களுடையதாகிறது. அதுவரை காணி விற்பவரின் பெயரிலேயே இருக்கிறது. மூதூரிலும் குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் புதிய வளவுகளில் வாழ்வைத் தொடங்கும் குடும்பங்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையில் இவ்விடயத்தை ஆளும் சட்டம் மிகப் பழையது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் கூடியிருக்கும்போது கையொப்பமிடப்பட வேண்டும். அவர்களால் அத்தாட்சிப்படுத்தப்படவும் வேண்டும். இல்லையேல் அது சட்டத்தில் செல்லாது.

பலர் அறியாத ஒன்றும் இப்பிரிவில் உண்டு. விற்பனை உறுதி மட்டுமன்றி, பின்னர் விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதியும் உடன்படிக்கையும் இதே முறையில் எழுதப்பட வேண்டும். ஆகவே வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்ட கடிதம் போதாது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் தந்த கடிதமும் போதாது. சமாதான நீதவானோ கிராம அலுவலரோ கையொப்பமிட்டாலும் அது காணி உடன்படிக்கை ஆகாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 பேர்ச் வளவு ஒன்றின் விலை 300,000 ரூபா. மாதம் 5,000 ரூபாவாக 60 தவணைகள். குடும்பம் 48 தவணைகள், அதாவது 240,000 ரூபா, கட்டிவிட்டது. கையில் இருப்பவை பற்றுச்சீட்டுகளும் ஒரு கடிதமும் மட்டுமே. இந்நிலையில் பிணக்கு ஏற்பட்டால், அப்பற்றுச்சீட்டுகள் பணம் கட்டியதற்குச் சாட்சியாகும். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க அவை உதவும். ஆனால் அவற்றைக் காட்டி, காணியை எங்களுக்கு எழுதித் தர வேண்டும் என்று வழக்காடுவது மிகக் கடினம். ஐந்தில் நான்கு பங்கு பணம் கட்டியதால் காணியில் ஐந்தில் நான்கு பங்கு வந்துவிடுவதில்லை.

லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதை நாம் ஓட்டுகிறோம், உழுகிறோம், பழுதும் பார்க்கிறோம். ஆயினும் கடைசித் தவணை கட்டிப் பத்திரங்கள் மாறும்வரை முழு உரிமை லீசிங் கொம்பனியிடமே இருக்கிறது. தவணைக் காணியும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வேறுபாடு என்னவென்றால், உழவு இயந்திரத்தை இழந்தால் இன்னொன்று எடுக்கலாம். காணியில் வைத்த தென்னையையும் கட்டிய வீட்டையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

முதலில் நன்கொடை நிறைவேறியிருக்கிறதா?

தன்னிடம் இல்லாததை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. நிறுவனம் உங்களுக்கு உறுதி முடிப்பதற்கு முன், காணி அந்த நிறுவனத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். இங்கே ஐந்து விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நன்கொடையும் நொத்தாரிசு உறுதியாலேயே கொடுக்கப்பட வேண்டும். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் ஒருவர் தொலைபேசியில் "என் காணியைச் சனங்களுக்குக் கொடுங்கள்" என்று சொல்வது நல்ல மனம். அது நன்கொடை உறுதி அன்று. அவர் அற்றோணித் தத்துவம் கொடுத்து ஒருவரை நியமித்திருந்தால், அத்தத்துவத்தில் நன்கொடை கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். அதன்பின் உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது.

இரண்டு, எமது நாட்டின் உரோமன் ஒல்லாந்துச் சட்டப்படி, நன்கொடை ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். ஏற்காத நன்கொடை முழுமை பெறாது. பெறுபவர் ஏற்றுக்கொண்டார் என்று உறுதியிலேயே எழுதிக் கையொப்பமிடுவது பாதுகாப்பானது.

மூன்று, பெறுபவர் சட்டத்தின் முன் ஓர் ஆளாக இருக்க வேண்டும். பதிவு செய்த கொம்பனி, சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் ஆகியன தம் பெயரில் காணி வைத்திருக்கலாம். கத்தோலிக்க ஆயர்களும் 1906 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் அவ்வாறு கூட்டிணைக்கப்பட்டுள்ளனர். ஓர் ஆயர் மாறினாலும் காணி பதவியோடு தொடர்கிறது. கூட்டிணைக்கப்படாத கிராமச் சங்கத்தின் பெயரில் அவ்வாறு காணி இருக்க முடியாது. நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் பெயரிலேயே அது இருக்கும். அப்போது உறுதியில் கையொப்பமிட வேண்டியவர் யார் என்பதை முதலே அறிந்துகொள்ளுங்கள்.

நான்கு, நன்கொடையாளர் கொடுத்தது முழுக் காணியா, பிரிபடாத பங்கா? தாய் தகப்பனின் காணியில் நான்கு பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால், ஒருவர் தமது பங்கை மட்டுமே கொடுக்க முடியும். காணி பிரிக்கப்படும் வரை, "வடக்குப் பக்க 20 பேர்ச் இந்தக் குடும்பத்துக்கு" என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது.

ஐந்து, நன்கொடை உறுதியில் உள்ள நிபந்தனைகள். கொடுத்தவர் தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொண்டாரா? திரும்ப எடுக்கும் உரிமையை ஒதுக்கிக்கொண்டாரா? பாடசாலை கட்ட மட்டும் என்று கொடுத்தாரா? அப்படியானால் அக்காணியை வீட்டு வளவுகளாக விற்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வியாகும். மாற்ற முடியாத நன்கொடையைக்கூட, பெற்றவரின் பாரதூரமான நன்றிகெட்ட செயலுக்காக நீக்கும்படி கொடுத்தவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதற்கென 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்டு.

கொடை மனம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவின் பூமிதான இயக்கமே சாட்சி. 1951 ஏப்ரல் 18 ஆம் திகதி தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் இராமச்சந்திர ரெட்டி என்பவர் வினோபா பாவேயிடம் 100 ஏக்கர் கொடுத்ததோடு அது தொடங்கியது. பின்னர் இலட்சக்கணக்கான ஏக்கர் வாக்களிக்கப்பட்டது. அதில் பெரும் பகுதி, பத்திரமும் எல்லையும் சரியில்லாததாலும் வழக்குகளாலும் உழைப்பாளியின் கைக்கு வந்து சேரவில்லை.

உறுதி வரும்வரை உள்ள காலம்

காணி நிறுவனத்துக்குச் சரியாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தவணைகள் ஐந்து ஆண்டுக்கு ஓடும். அக்காலத்தில் குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு?

முதலாவது, விற்பதற்கான உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்வது. அது இருந்தால், தவணைகளைக் கட்டி முடித்த பின்னும் விற்பவர் உறுதி முடிக்க மறுக்கும்போது, முடித்துத் தரும்படி கட்டளையிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவ்வுரிமையை உடன்படிக்கையிலேயே தெளிவாக எழுதுவிப்பது நல்லது. வாங்குபவர் இடையில் இறந்தால், உடன்படிக்கையின் உரிமை அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும்.

இரண்டாவது, அவ்வுடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிவது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 93 ஆம் பிரிவு இங்கே துணைநிற்கிறது. உங்களோடு உடன்படிக்கை இருப்பதை அறிந்துகொண்டே வேறொருவர் அக்காணியை வாங்கினால், அவர் உங்கள் உடன்படிக்கையை நிறைவேற்றக் கட்டுப்பட்டவராகிறார். ஆனால் அவர் வாங்குவதற்கு முன்பே உங்கள் உடன்படிக்கை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதியாத உடன்படிக்கைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

உறுதி முடித்த பின்னும் பதிவு மிக அவசியம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, நீங்கள் உறுதியைப் பதியாமல் வைத்திருக்க, அதே காணியைப் பின்னர் விலை கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துகொண்டால், மோசடி நடந்திருந்தாலன்றி அவருடைய உறுதியே முந்தி நிற்கும்.

பத்து வருடம் இருந்தால் சொந்தமாகாதா?

இதனைப் பலர் நம்பியிருக்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருட ஆட்சியைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் அந்த ஆட்சி சொந்தக்காரரின் உரிமைக்கு எதிரானதாக இருக்க வேண்டும். தவணைக் காணியில் நாம் நிறுவனத்தின் அனுமதியோடு குடியேறுகிறோம். ஒவ்வொரு தவணையும் கட்டும்போது அதன் உரிமையை ஏற்றுக்கொள்கிறோம். ஆகவே பதினைந்து வருடம் இருந்தாலும், அந்தக் காலத்தை மட்டும் காட்டி உரிமை கோர முடியாது. அரச காணிக்கு எதிராகவும் இவ்வாறு ஆட்சியுரிமை பெற முடியாது.

விட்டுவந்த காணியைப் பற்றியும் ஒரு சொல். போரினால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடக்கூடாது என்று அது சொன்னது. அச்சலுகை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்பட்டது. அக்காலம் 2018 இல் முடிந்துவிட்டது. உங்கள் பழைய காணியில் வேறொருவர் இருந்தால், தாமதியாமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

தவணை தவறினால்?

தவணை உடன்படிக்கையின் ஆபத்தான வரி இதுதான்: "ஒரு தவணை தவறினால் உடன்படிக்கை முடிவுறும், கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது." வெள்ளமும் வரட்சியும் இடப்பெயர்வும் கண்ட விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய பாரம்!

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1950 களிலும் 60 களிலும் நடந்ததை அறிந்துகொள்வது பயன் தரும். வங்கிகள் கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்க மறுத்தன. இடைத்தரகர்கள் வீடுகளை மலிவாக வாங்கி, பல மடங்கு விலைக்குத் தவணை ஒப்பந்தத்தில் அவர்களுக்கு விற்றார்கள். கடைசித் தவணை வரை உறுதி விற்றவரிடமே இருந்தது. ஒரு தவணை தவறியவர் வீட்டையும் கட்டிய பணம் முழுவதையும் இழந்தார். லோண்டேல் பகுதியில் ஜாக் மக்னமாரா என்ற இயேசு சபைக் குருமாணவர் வீடு வீடாகச் சென்று மக்களின் ஒப்பந்தங்களை ஆராய உதவினார். பங்குத்தந்தை ஜாக் ஈகன் துணைநின்றார். 1968 இல் மக்கள் ஒப்பந்த வாங்குநர் சங்கமாகக் கூடி, தவணைகளை விற்றவரிடம் கட்டாது நிறுத்திப் போராடினார்கள். நீதிமன்ற வழக்குகளில் அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. தனித்தனியாக வெட்கப்பட்டு மறைத்து வைத்த தாள்களை ஒரே மேசையில் வைத்து வாசித்ததே அதற்குத் தொடக்கம்.

எமது உடன்படிக்கைகளில் மூன்று வாசகங்களைக் கேட்டுப் பெற வேண்டும். இடப்பெயர்வு, வெள்ளம், பயிரழிவு ஏற்பட்டால் தவணை நிறுத்தி வைக்கப்படும். எழுத்தில் அறிவித்து, குறித்த கால அவகாசம் கொடுக்காமல் உடன்படிக்கையை முறிக்க முடியாது. முறிந்தாலும் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், கட்டிய வீட்டுக்கும் வைத்த மரத்துக்கும் என்ன நட்டஈடு. விற்பது தொண்டு நிறுவனம் என்பதால் இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல மனிதர்கள் மாறிப் போகலாம், நிறுவனமே மூடப்படலாம். அன்றைக்குப் பேசப்போவது எழுதிய தாள்தான்.

இன்னொரு வழி: இன்றே உறுதி, கடனுக்கு ஈடு

இதைவிடச் சிறந்த வழி ஒன்று சட்டத்திலேயே உண்டு. நிறுவனம் முதலிலேயே குடும்பத்தின் பெயருக்கு உறுதி முடிக்கிறது. குடும்பம் மிகுதிப் பணத்துக்காக அதே காணியை நிறுவனத்துக்கு ஈடு வைக்கிறது. இரண்டு பத்திரங்களும் ஒரே நாளில் எழுதப்பட்டுப் பதியப்படுகின்றன. உரிமை அன்றே குடும்பத்துக்கு வந்துவிடுகிறது. நிறுவனத்தின் பணத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

தவணை தவறினாலும் காணி தானாகக் கைமாறாது. நிறுவனம் ஈட்டின்மேல் வழக்கிட்டு, நீதிமன்றத்தின் வழியாகவே பணத்தைப் பெற வேண்டும். காணி விற்கப்பட்டாலும், கடன் போக மிகுதி குடும்பத்துக்கு உரியது. தவணை உடன்படிக்கையில் நிறுவனத்தின் கையில் இருக்கும் பலம், இம்முறையில் இரு பக்கமும் பகிரப்படுகிறது. நன்கொடைக் காணியை வைத்துத் தொண்டு செய்யும் நிறுவனங்கள் இம்முறையைப் பின்பற்றுவதே நீதியானது என்பது எமது கருத்து. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியை முடிப்பதையும் நாம் விரும்புகிறோம். விதவைகள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை உள்ள மாவட்டத்தில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

அரச காணியானால்

எமது மாவட்டத்தில் கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. இங்கே வழி வேறு. பெர்மிட் என்பது இருந்து பயிர் செய்ய அனுமதியே தவிர, உறுதி அன்று. பெர்மிட்டில் குறித்த கொடுப்பனவுகளைச் செலுத்தி, நிபந்தனைகளை நிறைவேற்றியவர் அளிப்புப் பத்திரம் பெற உரித்துடையவராகிறார். அது சனாதிபதியின் கையொப்பத்தோடு வருகிறது.

ஆகவே பெர்மிட் காணியை ஒருவர் "நன்கொடையாக" நிறுவனத்துக்குக் கொடுத்து, நிறுவனம் அதைத் தவணையில் விற்றால், அந்தச் சங்கிலி முதல் வளையத்திலேயே அறுந்துவிடும். அளிப்புப் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினால் செல்லாது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளியை நியமித்துப் பதிந்து வைப்பதும் அவசியம். பின்னுரித்தில் மகனுக்கே முதலிடம் என்றிருந்த பழைய முறை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. மகளுக்கும் இப்போது சம உரிமை உண்டு.

பத்திரங்களைக் காப்போம்

2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 இலும் விடுவிக்கப்பட்டன. இத்தனை வருடம் கழித்துத் திரும்பும்போது, வேலியும் மரமும் எல்லை காட்ட இருப்பதில்லை. அப்போது உறுதியும் வரைபடமுமே எல்லை காட்டும்.

எரேமியா இறைவாக்கினர், எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார் என்று விவிலியம் சொல்கிறது. சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்துக் காக்கச் செய்தார். எமது சட்டத்திலும் இரண்டாம் பிரதி உண்டு. நொத்தாரிசு உறுதியின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஓட்டத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதி பெற முயலலாம். இம்மூன்றையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி, இன்னொரு ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. காணி இன்று யார் பெயரில் இருக்கிறது? நன்கொடை உறுதியையும் தோம்பையும் காட்டுவீர்களா?

2. துறைமுக அதிகாரசபை, வனத் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் ஆகியன இக்காணிக்கு உரிமை கோருகின்றனவா?

3. நில அளவையாளர் பிரித்த வரைபடம் உண்டா? எங்கள் துண்டின் இலக்கம் என்ன?

4. உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டுப் பதியப்படுமா? அல்லது இப்போதே உறுதியும் ஈடும் முடிக்கலாமா?

5. கடைசித் தவணைக்குப் பின் எத்தனை நாளில் உறுதி முடிக்கப்படும்? முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கூலியும் யார் பொறுப்பு?

6. தவணை தவறினால் என்ன நடக்கும்?

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அதற்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு. ஒரே காணியில் துண்டு வாங்கும் குடும்பங்கள் தனித்தனியாகப் போகாமல், எல்லோருடைய பற்றுச்சீட்டுகளையும் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் போவது நல்லது. ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் கட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த தவணை கட்டப் போகும்போது, நொத்தாரிசு உடன்படிக்கை எப்போது எழுதலாம் என்று மரியாதையோடு கேட்டு, நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.